பருவுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் பக்கத்தில் பருவை விரட்ட ஒரு குறிப்பு வந்திருந்தது. அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, இரண்டையும் குழைத்துப் பூசி இருபது நிமிஷம் காயவிட்டுக் கழுவ வேண்டும், வாரம் மூன்று தடவை. நான் இதைச் செய்து பார்த்தவள், அதனால்தான் எழுதுகிறேன். அமிலமா காரமா என்று காட்டுகிற அளவுக்குப் பி.எச். என்று பெயர், 7 நடு, அதற்குக் கீழே புளிப்பு. நம் தோலின் பி.எச். 5-க்குப் பக்கத்தில் இருக்கும், லேசான புளிப்பு. எலுமிச்சை 2, சோடாக் கரைசல் 8-க்கு மேல். ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்க, நடுவில் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற பரு. எரிந்தது. எரிந்த இடமெல்லாம் கறுத்தது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஒரு வாரத்தில் அடங்கிவிடும், அது விட்டுப்போகிற கறுப்பு மாதக்கணக்கில் போகாது. குறிப்பின் கடைசி வரியில் ‘முகம் பளிச்சிடும்’ என்று போட்டிருந்தீர்கள்.

எனக்கு 36 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம், கல்லூரிக் காலமெல்லாம் எனக்குப் பரு வந்ததே இல்லை, 24 வயதில்தான் ஆரம்பித்தது. வந்ததும் நெற்றியிலோ மூக்கிலோ அல்ல, தாடை ஓரத்தில், மோவாயில், காதுக்குக் கீழே கழுத்து தொடங்குகிற இடத்தில். வெளியே தலைகாட்டாமல் தோலுக்கு உள்ளேயே பட்டாணி மாதிரி உருண்டு நிற்கும். தொட்டால் வலிக்கும், பிதுக்கினால் ஒன்றும் வராது, பிதுக்கிய பாவத்துக்கு இன்னும் பெரிதாகும். மாதவிடாய் வந்து தலைக்குக் குளிக்கிற நாளுக்கு ஒரு வாரம் முன்னால் கணக்காக வந்து உட்காரும்.

26 வயதில் வரன் பார்க்க ஆரம்பித்தபோது போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். ஸ்டுடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கி, மவுஸை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு பருவாகத் துடைத்துக்கொண்டே வந்தார். கூடவே என் மச்சத்தையும் துடைத்துவிட்டார். பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதியிருக்கிற, மோவாயின் இடப்பக்க மச்சம். ‘அண்ணா, அது பரு இல்லை’ என்றேன். ‘இருக்கட்டும்மா, க்ளீனா இருக்கு’ என்றார். அந்தப் போட்டோதான் எட்டு வீட்டுக்குப் போனது.

அந்த வருஷங்களில் என் காதில் விழுந்த ஒரே மருத்துவம், ‘கல்யாணம் ஆனா சரியாயிடும் கண்ணு.’ அம்மா சொன்னார், பெரியம்மா சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். எங்கள் தெருவில் இருந்த வயதான கம்பவுண்டரும் அதையே சொன்னார், அவரிடமாவது வேறு பதில் இருக்கும் என்று போயிருந்தேன். இதற்கு உள்ளர்த்தம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கேட்டுக்கொண்டிருக்கிற பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். சரி, 27-இல் கல்யாணம் ஆனது. 29-இல் மகள் பிறந்தாள். பரு அங்கேயேதான் இருந்தது. அதன் பிறகு வசனம் மட்டும் மாறியது: ‘உடம்பு சூடு.’ அத்தை நல்லவர், என் மேல் உள்ள அக்கறையில்தான் வெந்தயம் ஊறவைத்தார், வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துவிட்டார், இளநீர் வாங்கிவரச் சொன்னார். எண்ணெய் நெற்றிக்கு வழிந்து அதுவரை சுத்தமாக இருந்த நெற்றியிலும் பொடிப் பொடியாக வந்ததுதான் மிச்சம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 32 வயதில் மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கினேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை. ‘பத்தே நாள்க்கா, அப்புறம் சொல்லுங்க’ என்றார் கடைத் தம்பி. பத்து நாள் கூட ஆகவில்லை, ஐந்தாம் நாளே முகம் அப்படி இருந்தது, நானே என்னை நம்பவில்லை. பரு அமுங்கி, நிறமும் ஒரு மாற்றுக் கூடி, அலுவலகத்தில் எல்லோரும் என்ன க்ரீம் என்று கேட்க, நான் மூன்று பேருக்கு அதே டியூபை வாங்கிக்கொடுத்தேன். இன்று வரை அந்த மூன்று பேரை நினைத்தால் எனக்குச் சங்கடம்தான். எட்டு மாதம் பூசினேன். நடுவில் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது டியூபை மறந்துவிட்டு நாலு நாள் பூசாமல் இருந்தேன், மூன்றாம் நாள் பொங்கல் வைக்க அடுப்புப் பக்கம் போனதும் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி முகம் காந்தியது. திரும்பி வந்ததும் மறுபடி பூசினேன், அடங்கியது. பூசாவிட்டால் எரிகிறது, பூசினால் அடங்குகிறது, அப்படியானால் இது நல்ல மருந்துதானே என்று நினைத்திருக்கிறேன் பாருங்கள். கன்னத்தில் பூனை முடி அடர்ந்தது. தோல் வெங்காயத் தாள் மாதிரி மெலிந்து சிவப்பு நரம்பு தெரிந்தது. அப்புறம் பரு முன்னைவிட மோசமாக, கன்னம் முழுக்க, எல்லாம் ஒரே அளவில் திரண்டு வந்தது.

அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். மொமெட்டசோன் என்கிற ஸ்டீராய்டு, நிறத்தை வெளுக்கிற ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கிற ட்ரெட்டினாயின், மூன்றும் சேர்ந்தது. டியூபின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது, எட்டு மாதமாக அதைத் தினமும் இரண்டு விரலில் பிடித்துப் பிதுக்கியிருக்கிறேன், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அதற்கு அர்த்தம் என எனக்குத் தெரியாது. நான் மட்டும் ஏமாளி இல்லை. நம் நாட்டில் 12 மருத்துவ மையங்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2926 பேரை விசாரித்து 2011-இல் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டரே கிடையாது. 2018-இல் மத்திய அரசு இந்த மாதிரிக் களிம்புகளுக்கு விற்பனைக் கட்டுப்பாட்டை இறுக்கியது. நான் வாங்கியது அதற்கு அப்புறம்தான். உங்கள் வாசகர்கள் வீட்டில் முகத்துக்குப் பூசுகிற டியூப் இருந்தால் திருப்பிப் பார்க்கட்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், இந்த ஸ்டீராய்டு பெயர்களில் ஒன்று பொடி எழுத்தில் இருந்தால், பல மாதம் பூசியவர்கள் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிட்டு நான் பட்ட எரிச்சலைப் படாமல், தோல் டாக்டரிடம் அந்த டியூபையே எடுத்துக்கொண்டு போகட்டும்.

நான் டாக்டரிடம் போனதற்குக் காரணம் எரிச்சல்கூட இல்லை, என் மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது. ஒரு நாள் என் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக உரித்துத் தன் மோவாயிலும் தாடையிலும் ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். ‘அம்மா மாதிரி.’

திருச்சியில் ஒரு தோல் டாக்டர் அம்மா. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘பீரியட்ஸ் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?’ நாற்பத்தைந்து நாள், சில சமயம் இரண்டு மாதம் என்றேன். அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை, நல்லதாகப் போச்சு என்றுதான் இருந்தேன். முகத்தில் முடி வளர்கிறதா, உச்சந்தலையில் முடி கொட்டுகிறதா, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று அடுத்தடுத்துக் கேட்டார். பிறகு கழுத்தைத் திருப்பச் சொன்னார். பிடரியில் கறுப்பாகத் தடித்திருக்கிற அந்தத் தோலை, கவரிங் செயின் போட்டதால் வந்தது என்று அம்மா சின்ன வயதிலிருந்து எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிடுவார். அது அழுக்கும் இல்லை, செயினும் இல்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதிகமாகச் சுரக்கிறது என்பதற்கான அடையாளமாம். ஒன்பது வருஷமாக என் முகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் இந்த ஊரில் கிடையாது, மாதவிடாயைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரிச் சொல்கிறேன். ஆண்ட்ரோஜன் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள ஹார்மோன் இல்லை, பெண்ணின் சினைப்பையும் அட்ரீனல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன, அளவு குறைவு, அவ்வளவே. தோலில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பி அந்த ஹார்மோன் சொல்கிறபடி நடக்கும். எண்ணெய் அதிகமாகி, துளை அடைத்து, உள்ளே எப்போதும் குடியிருக்கிற கிருமி பெருகி, வீங்குகிறது. நிறையப் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும், ஆனால் அவர்களுடைய சுரப்பி லேசாகச் சொன்னாலே ஓடுகிற ரகம். என்னைப் போன்றவர்களுக்கு இன்சுலின் ஏறி, அது சினைப்பையைத் தூண்டி, ஆண்ட்ரோஜனும் கூடுகிறது. நாம் ‘நீர்க்கட்டி’ என்று சொல்கிற பி.சி.ஓ.எஸ். இதுதான். அவை உண்மையில் கட்டியே இல்லை, முழுதாக வளராமல் பாதியில் நின்ற சினைமுட்டைப் பைகள். ஸ்கேனில் தெரிவது மட்டும் போதாது, மாதவிடாய்ச் சிக்கல், ஆண்ட்ரோஜன் கூடியதற்கான அடையாளம், ஸ்கேன், இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும் என்று 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் டாக்டர்கள் கூடி வகுத்த கணக்கு. எனக்கு மூன்றும் இருந்தது. உலகத்தில் இது உள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாடையில் பரு வந்த எல்லோருக்கும் இது இருக்கும் என்று பயமுறுத்தவில்லை, இல்லாதவர்களும் நிறைய. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

சிகிச்சை என்பது உங்கள் பக்கத்தில் வருகிற மாதிரி இருபது நிமிஷ வேலை இல்லை. முதல் இரண்டு மாதம் அந்த க்ரீமிலிருந்து முகத்தை மீட்கவே போனது. பிறகு ராத்திரியில் அடாபலீன் ஜெல், ஒரு பட்டாணி அளவு, பரு மேல் மட்டும் பொட்டு மாதிரி வைக்கக் கூடாது, முகம் முழுக்க மெல்லிசாக. இனி வரப்போகிற பருவுக்குத்தான் அது மருந்து. நான் ஆர்வக்கோளாறில் நாலு பட்டாணி பூசி மூக்கோரமெல்லாம் உரிந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். காலையில் கிருமியைக் கொல்கிற பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், கொஞ்ச நேரம் வைத்துக் கழுவுகிற மாதிரி. இது துணியை வெளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை, வீட்டுக்காரருடைய புது மெரூன் துண்டில் நான் முகம் துடைத்த இடமெல்லாம் ஆரஞ்சாகத் திட்டு விழுந்தது, இன்றும் அந்தத் துண்டை அவர் விருந்தாளி முன்னால் எடுத்துவந்து மானத்தை வாங்குகிறார். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கறுப்புத் தழும்பு போவதற்கு இதுதான் அடிப்படை, இது இல்லாமல் எந்த சீரமும் வீண். கரூர் வெயிலுக்கு வழிகிறது, உண்மைதான், ஜெல்லாக வாங்கினால் பரவாயில்லை.

அதோடு ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை. 1960-களில் இருந்து ரத்த அழுத்தத்துக்கும் உடம்பு வீக்கத்துக்கும் கொடுக்கிற பழைய மாத்திரை, தோலில் ஆண்ட்ரோஜன் வேலை செய்யாமல் தடுக்கிற குணமும் அதற்கு இருக்கிறது. தினம் ஒரு டீ காசுக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் நான் ஆன்லைனில் வாங்கிக் குவித்த பாட்டில்களை அம்மா கணக்குப் போட்டு, ஒரு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாம் என்றார். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயற்சி செய்பவர்களும் இதைத் தொடவே கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். பி.பி. இறங்கலாம், பொட்டாசியம் ஏறலாம். அடிக்கடி இளநீர் குடிக்காதீர்கள் என்றார் டாக்டர், இளநீரில் பொட்டாசியம் அதிகம். சூட்டுக்கு இளநீர் வாங்கிக்கொடுத்த அத்தையிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இந்த மாத்திரையைப் பற்றி பிரிட்டனில் 410 பெண்களிடம் செய்த ஆய்வு 2023-இல் வந்தது. அதை என் தம்பி படித்துச் சொன்னபோது ஒரு பழைய புதிர் எனக்கு விடுபட்டது. 12 வாரத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 24 வாரத்தில் மாத்திரைக்காரர்களில் 82 சதவீதம் பேர் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள். வெறும் மாத்திரைக்காரர்களில்? 63 சதவீதம். அவர்களிலும் களிம்பு பூசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு, பரு தானாகவும் ஏறி இறங்குகிற சாமான். இப்போது தெரிகிறதா, கற்றாழைக்கும் கஸ்தூரி மஞ்சளுக்கும் சமையல் சோடாவுக்கும் எப்படி வீட்டுக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது என்று? எதைப் பூசினாலும் பத்தில் ஐந்தாறு பேருக்குக் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அவர்கள்தான் உங்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்புகிறார்கள். முகம் வெந்தவர்கள் யாரும் எழுதுவதில்லை, நானும் இதுவரை எழுதவில்லையே.

எனக்கும் ஐந்தாவது மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதுவரை பொறுத்திருப்பதுதான் கஷ்டம். மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் நிறுத்தப் போனேன், வீட்டுக்காரர்தான் ‘டாக்டர் ஆறு மாசம்னு சொன்னாங்கல்ல’ என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பாத்ரூமில் கண்ணாடிக்கு மேலே இருந்த டியூப்லைட்டைக் கழற்றி வைத்தோம், அந்த வெளிச்சத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருப்பேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இடது கை தானாகத் தாடைக்குப் போய் எதையாவது நோண்டும். அதற்கு பருவுக்கென்றே விற்கிற சின்னப் பிளாஸ்திரி வட்டங்களை ஒட்டிக்கொள்வேன், அது பருவை ஆற்றுகிறதோ இல்லையோ விரலைத் தடுக்கிறது. சாப்பாட்டில், வேர்க்கடலையும் கோழியும் பருவுக்குக் காரணம் என்று சும்மா பழி போடுகிறார்கள், சர்க்கரையும் மைதாவும் மாதிரி ரத்தத்தில் சட்டென்று ஏறுகிறவைதான் சந்தேகத்துக்குரியவை. நான் ஐந்து டீயை இரண்டாக்கி சர்க்கரையை விட்டேன். அது முகத்துக்கு எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, பீரியட்ஸ் ஒழுங்கானதற்கு அதுவும் நடையும் காரணம் என்று மகப்பேறு டாக்டர் சொல்கிறார்.

எல்லோருக்கும் இதே மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை கொடுக்கிறார்கள், ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் தெரிகிறவர்களுக்கு அது ஆகாது. குழி விழுகிற அளவுக்குப் போனவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்கிற மாத்திரை இருக்கிறது, உதடு வெடிக்கும், ரத்தப் பரிசோதனை உண்டு, கர்ப்பத்தில் அது மகா ஆபத்து. ஆண்களுக்கும் முப்பதுக்கு மேல் பரு வரும், அவர்களுக்கு என்னுடைய மாத்திரை கிடையாது. ஜிம்முக்குப் போய்ப் புரதப் பொடி கலக்குகிற என் தம்பிக்கு முதுகெல்லாம் வந்தது, அவன் சட்டை போட்டு மறைத்துக்கொண்டான், அவனிடம் கல்யாணம் ஆனால் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்று என் முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறதா என்றால் இல்லை. மாதம் ஒன்றோ இரண்டோ வரும், தாடையில் பழைய குழிகள் இருக்கின்றன. முன்னைப் போல அது என் நாளைக் கெடுப்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 25 வயதுக்கு மேல் வருகிற பருவை அழகுக் குறிப்பிலிருந்து எடுத்து மருத்துவப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரு தோல் டாக்டரையும் ஒரு மகப்பேறு டாக்டரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு போட்டுப் பார்க்கலாம் என்பதையும் போடுங்கள், தோல் டாக்டர் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்று பயந்துதான் பலர் மெடிக்கலில் நிற்கிறார்கள். அப்புறம், அந்தக் குறிப்புக்கு நேர் கீழே சிவப்பழகு க்ரீம் விளம்பரம், நாலு பக்கம் தள்ளி ‘நல்ல நிறம், முகலட்சணமுள்ள மணமகள் தேவை.’ விளம்பரத்தை நீங்கள் நிறுத்தப் போவதில்லை என்று தெரியும். சோடாவையாவது நிறுத்துங்கள்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சித்தி மகளுக்கு இப்போது ஜாதகம் எடுத்திருக்கிறார்கள், அவளுக்கும் தாடை ஓரத்தில்தான், அவளுக்கும் மாதக் கணக்கு தள்ளித் தள்ளித்தான் வருகிறது. திருச்சி டாக்டரிடம் அடுத்த புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். சித்தி மட்டும், அதற்குள் போட்டோ எடுத்துவிடலாம் என்று அதே ஸ்டுடியோவுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்.